பாதி ராத்திரியில் வீறிட்டு எழும் குழந்தை: அப்போது மணி என்ன?

(பலர் எழுதிய கலந்துரையாடல் இது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.)

அரைவிழிப்பு

மூன்றரை வயதுப் பையன். எட்டரைக்குப் படுத்தவன் பத்து மணிக்கு வீறிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டான். கண் அகலத் திறந்திருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, பின்கழுத்து வியர்வையில் நனைந்திருக்கிறது. அம்மா ஓடிவந்து அணைத்தால் கையைத் தட்டிவிடுகிறான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, "அம்மா வேணும், அம்மா எங்க?" என்று கதறுகிறான். பெற்றவளை நிலைகுலைய வைப்பது இந்த ஒரு கணம்தான். பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்றுகூடத் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. அவன் இன்னும் விழிக்கவே இல்லை.

இதற்கு நைட் டெரர் என்று பெயர்: முழுதாக விழிக்காமலே அலறும் இரவுத் திகில். தூங்கிய ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வரும். சிறு பிள்ளைகளின் மிக ஆழ்ந்த தூக்கம் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் குவிந்திருக்கிறது. அதிலிருந்து மேலே வரும் வழியில் மூளை பாதியில் சிக்கிக்கொள்கிறது. உடம்பை ஆட்டுவிக்கும் பகுதி விழித்துவிடுகிறது, ஆளை அடையாளம் காணும் பகுதி தூங்கிக்கொண்டிருக்கிறது. எதிரே இருக்கும் அம்மா தெரியாமல் போவது அதனால்தான்.

அந்த வீட்டில் எல்லா விளக்கையும் போட்டார்கள், தோளைப் பிடித்து உலுக்கினார்கள், முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், ஆளுக்கொரு பக்கம் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் அடங்கியிருக்க வேண்டியது அரைமணிக்கு மேல் இழுத்தது. பாதி விழிப்பில் இருப்பவனை இறுக்கிப் பிடித்தால் திமிறுவான். உலுக்கி முழுதாக எழுப்பினால், சுற்றி நிற்கும் பதற்றமான முகங்களைப் பார்த்து அப்போதுதான் நிஜமாகவே பயப்படுவான். பெரிய விளக்கைப் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சுவரிலோ கட்டில் விளிம்பிலோ இடித்துக்கொள்ளாமல் கையைக் குறுக்கே வையுங்கள். ஒரே வாக்கியத்தைத் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருங்கள். எழுந்து நடந்தால் மல்லுக்கு நிற்காமல் மெல்லத் திருப்பிப் படுக்கைக்குக் கூட்டி வாருங்கள். சட்டென்று அடங்கிப் படுத்துவிடுவான். காலையில் "ராத்திரி ஏன் அழுதே?" என்று கேட்காதீர்கள். அவனுக்கு ஒன்றும் நினைவிருக்காது; கேட்கக் கேட்கப் படுக்கப் போவதற்கே அஞ்ச ஆரம்பிப்பான். மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. வளர வளரத் தானாக நின்றுவிடும்.

கடைசிச்சாமம்

"எழுப்பாதீங்க"ன்னு பொதுவா சொல்லிட்டுப் போறது சரியில்லை. இந்தப் பொண்ணையும் பாருங்க. அஞ்சு வயசு. விடியக்காலை நாலு மணிக்கு அலறல். அப்பா போனதும் கழுத்தைக் கட்டிக்கிட்டா, விடவே மாட்டேங்கிறா. கதவுக் கொக்கியில தொங்கின சட்டையைக் காட்டி, "அது தலையைத் திருப்பிச்சு"ங்கிறா. இவ முழுசா முழிச்சிருக்கா. ஆள் தெரியுது, கனவு வரிசையா ஞாபகம் இருக்கு, திரும்பப் படுக்கத்தான் பயம். இது கெட்ட கனவு. கனவு வர்ற தூக்கம் ராத்திரியோட கடைசிப் பங்குலதான் நீளமா இருக்கும்.

தானா அடங்கட்டும்னு தள்ளி உட்கார்ந்திருந்தா இவ தனியா தவிச்சுப்போவா. உடனே போகணும், தொடணும், பேசணும். ஆனா பேச்சைச் சுருக்கமா வெச்சுக்கணும். கனவை அந்த நேரத்துலயே முழுசாச் சொல்ல வெச்சா தூக்கம் கலைஞ்சே போயிடும். அந்த அப்பா சட்டையைக் கொக்கியிலேர்ந்து எடுத்து அவ மடியில போட்டு, "தொட்டுப் பாரு, யாரோட சட்டை?"ன்னு கேட்டார். அதுக்கப்புறம் அவ கதவுப் பக்கமே பார்க்கலை. கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பேயைத் தேடுறது மட்டும் வேண்டாம். பெரியவங்களே தேடுறாங்கன்னா அங்க ஏதோ இருக்குன்னுதான் பிள்ளை எடுத்துக்கும். மறுநாள் பகல்ல கனவை வரையச் சொல்லுங்க. முடிவை மட்டும் அவளே மாத்தட்டும்: சட்டை தலையைத் திருப்பிச்சு, தும்மிச்சு, தொப்புன்னு விழுந்துடுச்சு. படுக்கும்போது அந்தப் புது முடிவை ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும்.

மணி என்ன, ஆள் தெரியுதா, மறுநாள் ஞாபகம் இருக்கா. இந்த மூணையும் எழுதி வெச்சா எதுன்னு கண்டுபிடிக்கிறது சுலபம்.

விடிவிளக்கு

நீங்க ரெண்டு பேரும் பேசறது வளர்ந்த பிள்ளைங்களைப் பத்தி. பத்து மாசக் குழந்தை ராத்திரி முழுக்க மணிக்கொரு தடவை அழுதா அதுக்கு இந்த விளக்கம் எதுவும் பொருந்தாது. அங்க நடக்கறது வேற. தோள்ல போட்டு ஆட்டி ஆட்டித் தூங்க வைக்கிறாங்க. மெதுவா தொட்டில்ல கிடத்துறாங்க. முதுகு மெத்தையில படற வரைக்கும் சரியா போகுது. கழுத்துக்கு அடியிலேர்ந்து கையை உருவின அந்த நொடியில கண்ணைத் திறந்துடுது.

கைக்குழந்தைக்கு ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 50 முதல் 60 நிமிஷம். சுற்று முடியும்போதெல்லாம் லேசா முழிப்பு வரும், நமக்கும் வரும், புரண்டு படுத்துடுவோம். குழந்தை தூங்கினது தோள்ல, முழிச்சது தொட்டில்ல. கூட இருந்த சூடும் ஆட்டமும் காணோம், அதைத்தான் அழுது கேக்குது. திரும்பத் தூக்கி ஆட்டினா அடுத்த சுற்று முடிவிலும் அதேதான்.

யாரும் கேக்கலைன்னாலும் மாத்துற வழியைச் சொல்லிடறேன், ஏன்னா பாதியில விட்டுடறவங்கதான் அதிகம். ராத்திரி முதல் தூக்கத்துல மட்டும் ஆரம்பிங்க, பகல் தூக்கத்தைத் தொடாதீங்க. தினமும் ஒரே வரிசை, 20 முதல் 30 நிமிஷத்துக்குள்ள: துடைச்சுவிட்டு, உடுப்பு மாத்தி, பால், பாட்டு, விளக்கு அணைப்பு. பால் கடைசிக்கு முன்னாடியே முடிஞ்சுடணும். கடைசியில வந்தா, பால் வாயில இருந்தாத்தான் தூக்கம்னு ஆகிடும். கண் சொருகுது, ஆனா இன்னும் மூடலை, அந்த நேரத்துல கிடத்தணும். முதல் மூணு நாலு ராத்திரி நெஞ்சு மேல கையை வெச்சுக்கிட்டு இருங்க. அப்புறம் கையை எடுத்துட்டு பக்கத்துல உட்காருங்க. மூணு ராத்திரிக்கு ஒரு தடவை நாற்காலியைக் கதவுப் பக்கமா நகர்த்துங்க. ரெண்டு மூணு வாரம் ஆகும். கதவைச் சாத்திட்டு அழவிட வேண்டிய அவசியமே இல்லை.

கெடுறது எங்கன்னா, மூணு நாள் பொறுத்துட்டு நாலாம் நாள் அரைமணி அழுகைக்கு அப்புறம் தூக்கி ஆட்டிடறது. அரைமணி அழுதா ஆட்டுவாங்கன்னு குழந்தை கத்துக்கும், அடுத்த நாள் அழுகை இன்னும் நீளும். காய்ச்சலோ காதுவலியோ வந்தா மொத்தத்தையும் நிறுத்திட்டு, சரியானதும் முதல்லேர்ந்து ஆரம்பிங்க. ஆறு மாசத்துக்குக் கீழ உள்ள குழந்தைக்கு இது வேண்டாம், அதுக்கு ராத்திரிப் பசி நிஜம். ஒரு வயசு வரைக்கும் மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும், மெத்தை கெட்டியா, தட்டையா இருக்கணும், தலையணை, போர்வை, பொம்மை எதுவும் தொட்டில்ல கூடாது.

நகவெட்டி

இதையெல்லாம் செய்யறதுக்கு முன்னாடி பிட்டத்தைப் பாருங்க. நாலு வயசுப் பிள்ளை தூங்கின கொஞ்ச நேரத்துல காலை உதறி, ஜட்டிக்குள்ள கையை விட்டுச் சொறிஞ்சு, எரிச்சலோட அழுதது. "கெட்ட கனவு"ன்னு வாரக்கணக்கா சமாதானம் பண்ணிட்டிருந்தாங்க. கீரிப்பூச்சி. பெண் புழு ராத்திரியிலதான் ஆசனவாய் ஓரத்துக்கு வந்து முட்டை போடும். தூங்கி ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு டார்ச் வெளிச்சத்துல மடிப்பை விலக்கிப் பாருங்க, ஒரு சென்டிமீட்டர் நீளத்துல வெள்ளை நூல் மாதிரி நெளியும். தெரியலைன்னா காலையில கழுவுறதுக்கு முன்னாடி செல்லோடேப்பை அந்த இடத்துல ஒட்டி எடுத்து, கண்ணாடி ஸ்லைடுல ஒட்டி லேப்புக்குக் கொடுக்கலாம். மூணு நாள் காலையில எடுத்தா பெரும்பாலும் தவறாது.

மருந்து டாக்டர் சொல்ற அளவுல. முதல் வேளை மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டாவது வேளை கட்டாயம். வீட்ல இருக்கற எல்லாருக்கும் ஒரே நாள்ல. பிள்ளைக்கு மட்டும் கொடுத்துட்டு "மருந்து கேக்கலை"ன்னு சொல்றவங்கதான் நிறைய. நகத்தை ஒட்ட வெட்டுங்க, காலையில எழுந்ததும் கழுவி ஜட்டி மாத்துங்க, படுக்கை விரிப்பை உதறாம அப்படியே சுருட்டிச் சுடுதண்ணியில போடுங்க. உதறினா முட்டை அறை முழுக்கப் பரவும்.

மூச்சுக்காற்று

முதலில் எழுதியவர் "வளர வளரத் தானாக நின்றுவிடும்" என்று முடித்திருக்கிறார். அந்தப் பையன் குறட்டை விடுகிறானா என்று கேட்காமல் அப்படிச் சொல்லக் கூடாது. ஆழ்ந்த தூக்கத்தை அடிக்கடி கலைக்கும் எதுவும் டெரரைக் கிளப்பும். கலைப்பதில் முக்கியமான ஒன்று மூச்சடைப்பு.

ஒரு நான்கு வயதுப் பெண் குழந்தை தூங்கிய விதம் இது: வாய் திறந்து, தலையைப் பின்னால் வளைத்து, கூரையைப் பார்த்தபடி. நெஞ்சுக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்குகிறது. குறட்டை திடீரென நிற்கிறது. வயிறு மட்டும் ஏறி இறங்குகிறது, காற்று போகவில்லை. சில நொடிகளில் ஒரு பெரிய திணறல், உடனே அலறல். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அலறல் மட்டும்தான். அதற்கு முந்தைய நிசப்தத்தை யாரும் கவனித்திருக்கவில்லை.

வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, வாயால் மூச்சு, வியர்த்துக் கொட்டுதல், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல். இவை இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். இந்தப் பிள்ளைகள் பகலில் பெரியவர்களைப் போலத் தூங்கி வழிவதில்லை, மாறாகத் துறுதுறுவென்று எரிச்சலோடு இருப்பார்கள். அதனால்தான் பலர் தவறவிடுகிறார்கள். சட்டையைக் கழற்றி, மார்பும் வயிறும் முகமும் தெரியும்படி, ஒலியோடு இரண்டு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு நிறையப் புரியும். மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் தொண்டையில் உள்ள டான்சிலும் இந்த வயதில்தான் தொண்டையின் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும். லேசானதற்கு மூக்கு ஸ்ப்ரே, கடுமையானதற்கு அறுவை. மூச்சு சீரானதும் டெரர் நின்றுபோன பிள்ளைகள் பலர்.

அரைவிழிப்பு

குறட்டையைக் கேட்பது அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் குறட்டையே இல்லாமல் அலறும் பிள்ளைகள் ஏராளம். அங்கே பெரும்பாலும் கண்ணில் படுவது தூக்கக் குறைவு. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் தந்த கணக்குப்படி, பகல் தூக்கமும் சேர்த்து 1 முதல் 2 வயதுக்கு 11–14 மணி நேரம், 3 முதல் 5 வயதுக்கு 10–13. பகல் தூக்கத்தைச் சட்டென்று நிறுத்திய வாரங்களில் டெரர் கூடுவதைப் பார்க்கலாம். களைத்துப்போன மூளை மேலும் ஆழத்துக்குப் போகிறது, அங்கிருந்து ஏறி வருவது மேலும் கடினமாகிறது. பகல் தூக்கம் நின்றுவிட்டதென்றால் இரவுப் படுக்கையை அரைமணி முன்னே கொண்டுவாருங்கள். படுக்கும் முன் சிறுநீர் கழிக்க வையுங்கள். நிறைந்த மூத்திரப்பையும் தூண்டும்.

இதற்குப் பிறகும் தினமும் ஒரே நேரத்தில் வந்தால் முன்கூட்டி எழுப்பும் முறை இருக்கிறது. ஒன்றிரண்டு வாரம் படுத்த நேரத்தையும் அலறிய நேரத்தையும் குறியுங்கள். வழக்கமாகப் பத்து மணிக்கு என்றால் ஒன்பதே முக்காலுக்குத் தோளைத் தொட்டு லேசாக எழுப்புங்கள். புரண்டு, ஏதாவது முனகினால் போதும், விட்டுவிடுங்கள். முழுதாக எழுப்பிவிட்டால் திரும்பத் தூங்க வைப்பதே பெரும்பாடாகும். இரண்டு முதல் நான்கு வாரம் ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டும். தொட்டதுமே அலறல் தொடங்கினால் நீங்கள் தாமதித்துவிட்டீர்கள். மறுநாள் இன்னும் பத்து நிமிடம் முன்னதாக. நேரம் தினமும் மாறும் பிள்ளைக்கு இந்த முறை பயன்படாது.

குட்டிக்கால்

கால்களைப் பத்தி யாருமே பேசலை. "காலுக்குள்ள எறும்பு"ன்னு ஒரு ஆறு வயசுப் பையன் கட்டில் கம்பியில பாதத்தைத் தேய்ச்சுக்கிட்டே அழுதான். அமுக்கிவிட்டா நிக்கும், கையை எடுத்தா திரும்ப வரும். இப்படின்னா இரும்புச் சத்தைப் பார்க்கணும். ஹீமோகுளோபின் சரியா இருந்தாலும் ஃபெரிட்டின், அதாவது உடம்புல சேமிப்பா இருக்கற இரும்பைக் காட்டுற ரத்தப் பரிசோதனை, தனியாக் கேளுங்க. கால் துடிக்கிற பிள்ளைக்கு அது மில்லிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழ இருந்தா டாக்டர் இரும்பு மருந்து தருவார். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுத்தா அளவு பொய்யா ஏறிக் காட்டும். மருந்தைப் பாலோட கொடுக்காதீங்க, உடம்புல சரியா சேராது. டெஸ்ட் பண்ணாம நீங்களே கடையில வாங்கியும் கொடுக்காதீங்க, இரும்பு அளவு மீறினா சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து.

தூங்கட்டும்னு சளி சிரப் கொடுக்கற பழக்கமும் வேண்டாம். சில பிள்ளைங்களுக்கு அது நேர்மாறா பரபரப்பைக் கிளப்பிடும்.

ஒரேமாதிரி

ஒன்று விட்டுப்போய்விட்டது. ஒரு பிள்ளை இரவில் மூன்று நான்கு முறை எழுந்தாள். ஒவ்வொரு முறையும் இடது கை விறைத்து மேலே போகும், முகம் அதே பக்கம் திரும்பும், கால்கள் சைக்கிள் மிதிக்கும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதையும் டெரர் என்றே நினைத்தார்கள். டெரர் இப்படி அச்சுப்பிசகாமல் வராது, பெரும்பாலும் ஓரிரவுக்கு ஒரு முறைதான், நிமிடக்கணக்கில் நீடிக்கும். ஒரே அசைவு, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, ஓரிரவில் பலமுறை என்றால் அது வலிப்பாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பகலில் எடுத்த ஈஈஜி (மூளையின் மின்னலைப் பதிவு) சரியாக இருந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். நெற்றிப்புற மூளையில் எழும் வலிப்பு அதில் தெரியாமலேயே போகலாம், தூக்கத்தில் வீடியோவோடு எடுப்பதுதான் நம்பகம். வீட்டில் படம் பிடிக்க ஃபோனைத் தேடி ஓடினால் தொடக்கம் போய்விடும். எந்தக் கை முதலில் அசைந்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்ற முதல் சில நொடிகள்தான் மருத்துவருக்குத் தேவை. இரவு முழுக்கப் பதிவாகும் கேமராவை, பிள்ளையின் முழு உடம்பும் தெரியும்படி, போர்வை மறைக்காத உயரத்தில் வைத்துவிடுங்கள்.