வீட்டில் திருமணம்: பங்குத்தந்தை மறுத்தால் அதுதான் முடிவா?

நீலப்பறவை (கேள்வி)

நானும் அவரும் கத்தோலிக்கர்கள். இருவருக்கும் முதல் திருமணம், தடை ஒன்றும் இல்லை. என் அம்மாவுக்கு நுரையீரல் நோய். இரவும் பகலும் ஆக்சிஜன் மெஷினோடுதான் இருக்கிறார். அந்தக் குழாய் கட்டிலிலிருந்து கூடத்து ஜன்னல் வரை எட்டும், அதற்கு மேல் எட்டாது. வண்டியில் ஏற்றி ஆலயத்துக்குக் கூட்டிப்போவது ஆபத்து என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால், ஃபாதர் வீட்டுக்கு வந்து எளிமையாக நடத்தித் தர முடியுமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். "வீட்டில் நடந்தால் அது திருமணமே ஆகாது" என்றார். ஏன் என்றேன். "திருச்சபை சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏன், எதற்கு என்பது விசுவாசம் இல்லை" என்று எழுந்துவிட்டார். மறுத்ததைவிட இந்தப் பதில்தான் நெஞ்சில் தைத்தது. கானாவூரில் ஆண்டவர் போனது ஒரு கல்யாண வீட்டுக்குத்தானே? விதியை மீற நான் அனுமதி கேட்கவில்லை. அதை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள், யாரால் தளர்த்த முடியும் என்று கேட்பதுகூடத் தப்பா?

சட்டம் படித்தவள்

தப்பே இல்லை சகோதரி. விசுவாசிகள் தங்கள் தேவைகளையும் விருப்பங்களையும் மேய்ப்பர்களிடம் சொல்லலாம் என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பிலேயே 212-வது சட்டம் இருக்கிறது.

இங்கே இரண்டு விதிகள் கலந்துவிட்டன. யார் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பது 1108. ஆயர், பங்குத்தந்தை, அல்லது அவர்கள் அதிகாரம் கொடுத்த குரு அல்லது திருத்தொண்டர் (டீக்கன்), கூடவே இரண்டு சாட்சிகள். இந்த முறைப்படி நடக்காவிட்டால், உங்களைப் போன்ற இரு கத்தோலிக்கர்களின் திருமணம் பொதுவாகச் செல்லாது. எங்கே நடக்க வேண்டும் என்பது 1118. பங்கு ஆலயத்தில்தான் நடக்க வேண்டும். வேறு ஆலயமோ சிற்றாலயமோ என்றால் பங்குத்தந்தையே அனுமதிக்கலாம். வீடு போன்ற இடம் என்றால் ஆயரோ, அவருடைய பதிலாளாக மறைமாவட்டத்தை நிர்வகிக்கும் குருகுல முதல்வரோதான் அனுமதிக்க முடியும். அனுமதி இல்லாமல் நடத்துவது சட்டமீறல்தான், ஆனால் இடம் மாறிய ஒரே காரணத்துக்காகத் திருமணம் செல்லாமல் போகாது. ஆக, உங்கள் பங்குத்தந்தை தானாகச் சரி என்று சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் சொன்ன காரணம் சரியில்லை. ஆயரிடம் கேட்போம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

1108 எதற்காக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஆணும் பெண்ணும் தனியாகச் சம்மதம் சொன்னாலே திருமணம் செல்லும். அப்புறம் ஒருவன் அதை மறுத்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டால், முதல் பெண்ணுக்கு நிரூபிக்க வழியே இல்லை. அதைத் தடுக்கத்தான் 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் (ஆயர்களின் பெரிய மாநாடு) குருவும் சாட்சிகளும் கட்டாயம் என்றது. ஏமாற்றப்பட்டவர்களைக் காக்க வந்த விதி அது. கேள்வி கேட்கிறவரின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

பழைய பீடச்சிறுவன்

தங்கச்சி, உன் அம்மாவுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் குருக்கள் பக்கமும் கொஞ்சம் பார். போட்டோ நன்றாக வரும் என்று தோட்டத்தையும் கடற்கரையையும் கேட்டு வருகிறவர்கள் ஏராளம். திருமணம் இரண்டு குடும்பத்துக்குள் முடிகிற காரியம் இல்லை, அது அருள்சாதனம். திருமுழுக்கு வாங்கிய இடத்தில், பங்கு மக்கள் பார்க்க, பீடத்துக்கு முன்னால் சொல்கிற வாக்கு. அந்த விதியை நான் நேசிக்கிறேன். உன் நிலைமை வேறு, அது எனக்குப் புரிகிறது.

மூன்றாம் வரிசை

பீடச்சிறுவன் அண்ணா, நீங்கள் சொல்கிற அந்தப் பீடத்துக்கு முன்னால் நிற்க என் அம்மாவை விடவில்லை. 1950-களில் நடந்த திருமணம். அப்பா வேறு சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். அப்போது இருந்த 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி கலப்புத் திருமணங்களை ஆலயத்துக்கு வெளியேதான் நடத்த வேண்டும், ஆயர் விலக்குக் கொடுத்தால் மட்டும் உள்ளே. பங்குத்தந்தையின் அலுவலக அறையில், திருமணப் பதிவேடு இருந்த மேசைக்கு முன்னால் நின்று சம்மதம் சொன்னார்கள். மாதா சுரூபத்துக்கு வைக்கக் கொண்டுபோன பூவை அம்மா அந்த மேசையிலேயே வைத்துவிட்டு வந்தார். சாகும்வரை அதைச் சொல்லி அழுவார்.

இப்போது நடப்பில் உள்ள 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அதே வகைத் திருமணம் பங்கு ஆலயத்தில்தான் நடக்க வேண்டும் என்று இருக்கிறது. மணமக்களில் ஒருவர் திருமுழுக்கே பெறாதவர் என்றால், ஆலயத்திலும் நடத்தலாம், தகுந்த வேறு இடத்திலும் நடத்தலாம். அன்று என் அம்மா ஏன் என்று கேட்டிருந்தால் அவரையும் விசுவாசம் இல்லாதவர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நீலப்பறவை, தயங்காமல் கேளுங்கள்.

நீலப்பறவை

எல்லோருக்கும் நன்றி. ஆயர் இல்லத்துக்கு எழுதப்போகிறேன். என்னென்ன வைக்க வேண்டும்?

சட்டம் படித்தவள்

மருத்துவரின் கடிதம் முக்கியம். அம்மா ஏன் வெளியே வர முடியாது என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். வீட்டில் திருப்பலி கேட்காதீர்கள், திருமணச் சடங்கு மட்டும் போதும் என்று எழுதுங்கள், அனுமதி கிடைப்பது சுலபமாகும். நன்றித் திருப்பலியைப் பிறகு பங்கு ஆலயத்தில் வைக்கலாம். அண்ணன் சொன்ன பங்கு மக்களும் அதில் இருப்பார்கள். கடிதத்தின் நகலைப் பங்குத்தந்தையிடம் நீங்களே நேரில் கொடுங்கள். அவருக்குத் தெரியாமல் மேலே போனதாக இருக்கக் கூடாது. ஆயர் இல்லம் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.