சுத்திகரித்த கழிவுநீரை ஓயாவில் (சிற்றாற்றில்) விடுவதா, மண்ணில் விடுவதா?

ஓயாக்கரை:
நம்ம டவுனுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் சண்டை இல்லை. சுத்தமாகி வெளியே வரும் தண்ணீரை எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. பத்தாயிரம் பேர், ஆளுக்கு 100 லீட்டர் என்றால் நாளுக்கு 1,000 கன மீட்டர். என் கட்சி ஓயா. கண்டிக்காகக் கட்டிய கன்னொறுவை நிலையமும் மகாவலியில்தான் விடுகிறது. இன்றைக்குக் கடைக் கான் (வடிகால்) தண்ணீரும் மலசலகூடக் குழியின் கசிவும் அப்படியே ஓயாவுக்குத்தான் போகின்றன. அதைவிட இது எவ்வளவோ மேல்.

பணியலயம்:
அண்ணே, நாங்கள் உங்களுக்குப் பணிய, ஓயாவின் கீழ்ப்பக்கம் இருக்கிற ஆட்கள். மாசியில் பீலி (ஊற்றுத்தண்ணீர் விழுகிற குழாய்) நூல் மாதிரி ஒழுகும். அப்போது குளிப்பு, துணி எல்லாம் ஓயாவில்தான். போன வருஷம் அம்மா துணி துவைக்கிற கல்லைத் தொட்டுப் பாருங்கள் என்றார். பச்சைப் பாசி, கை வழுக்கிக்கொண்டு போனது. சுத்திகரித்தாலும் பாசிக்கு உணவான நைதரசனும் பொஸ்பரசும் முழுதாகப் போவதில்லை, அவற்றை எடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். ஓடுகிற தண்ணீர் தாங்கும். ஆனால் நம்ம ஓயா கொத்மலை ஓயாவில் சேர்ந்து, தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கிறதே? தேங்கின தண்ணீரில்தான் பாசி இன்னும் பெருகும். கண்டியோடு ஒப்பிடாதீர்கள். அது மகாவலி, இது பாலத்தடியில் ஆள் தாண்டிப் போகிற ஓயா.

மரக்கறித்தோட்டம்:
அப்படியானால் எங்களுக்குக் கொடுங்கள். தை முதல் பங்குனி வரை லீக்ஸுக்கும் கரட்டுக்கும் மோட்டர் போட்டு இழுக்கிறோம், டீசல் காசே ஆளைத் தின்கிறது. நீங்கள் தொல்லை என்று சொல்கிற நைதரசனும் பொஸ்பரசும்தானே நாங்கள் மூட்டைக்கணக்கில் வாங்கிப் போடுகிற உரம்?

டீச்சர்_மலர்:
தம்பி, கரட் பச்சையாகக் கடிக்கிற சாமான். பச்சையாகச் சாப்பிடும் பயிருக்கு உலக சுகாதார நிறுவனம் 1989இல் சொன்ன வரம்பு, ஒரு லீட்டரில் புழு முட்டை ஒன்றுக்கு மேல் கூடாது, 100 மில்லிலீட்டரில் மலக் கோலிஃபோர்ம் (மலத்தில் இருந்து வருகிற பக்டீரியா) 1,000க்கு மேல் கூடாது. குளோரின் கோலிஃபோர்மைக் கொல்லும், வட்டப்புழு முட்டையை அசைக்காது. அதற்குக் குளத்தில் நாட்கணக்கில் தங்க வைக்க வேண்டும், இல்லை மணலில் வடிக்க வேண்டும். வகுப்பில் வயிறு ஊதின பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மண்மேடு:
நிலத்தில் விடலாம் என்று சொல்கிறவர்கள் எந்த நிலம் என்று சொல்லுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை மண்சரிவில் லயங்களோடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளோடு) ஆட்கள் புதைந்ததை மறந்துவிட்டோமா? மலைச்சரிவு நழுவுவதே உள்ளே இறங்கின தண்ணீரால். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் போகக் கூடாது என்று கான் வெட்டுகிறோம், அதே சரிவில் தினம் 1,000 கன மீட்டரை இறக்குவதா? உறிஞ்சு குழி, உறிஞ்சு அகழி எதுவும் இங்கே ஆகாது. பயிர் குடிக்கிற அளவு மட்டும் என்றால் நிலத்தின் மேல் நாளுக்கு 4 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் என்று வையுங்கள். 25 ஹெக்டயர், 62 ஏக்கர் வேண்டும். அவ்வளவு சமதரை நம்ம ஊரில் எங்கே இருக்கிறது?

ஓயாக்கரை:
அதனால்தான் ஓயா என்கிறேன். 2008 சுற்றாடல் விதிகளின்படி பீ.ஓ.டி. (தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஒட்சிசன்) லீட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. சட்டம் கேட்பதைக் கொடுத்தால் போதாதா?

பணியலயம்:
அந்த 30ஐ முழுதாக வாசியுங்கள் அண்ணே. விடுகிற தண்ணீரைப்போல் குறைந்தது 8 மடங்கு சுத்தமான தண்ணீர் ஓயாவில் இருந்தால் என்ற கணக்கில் போட்ட எண் அது. ஆடியில் 8 என்ன, 80 மடங்கும் இருக்கும். மாசியில்?

ஓயாக்கரை:
சரியான கேள்வி. இப்போது மாசிதானே, ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் பணிய இறங்கி அளந்தேன். அகலம் 2 மீட்டர், ஆழம் சராசரி 15 சென்டிமீட்டர். தோடம்பழம் ஒன்றைப் போட்டோம், 10 மீட்டர் மிதந்து போக 40 செக்கன். மேல்தண்ணீர்தான் வேகமாக ஓடும் என்பதால் 0.85ஆல் பெருக்கினேன். செக்கனுக்கு 64 லீட்டர் வருகிறது. நம்ம 1,000 கன மீட்டர் என்பது செக்கனுக்கு 11.6 லீட்டர், அதன் 8 மடங்கு 93. போதவில்லை. வருஷம் முழுக்க ஓயாவே போதும் என்று நான் சொன்னது பிழை.
ஆனால் 64ஐ 8ஆல் வகுத்தால் 8 லீட்டர், நாளுக்கு 690 கன மீட்டரை அது மாசியிலும் தாங்கும். மிச்சம் 310தான் நிலத்துக்கு. அதற்கு 62 ஏக்கர் வேண்டாம், 19 ஏக்கர் போதும். மழை தொடங்கியதும் நிலத்துக்கு விடுவதை நிறுத்திவிடலாம்.

பணியலயம்:
அளந்ததற்கு நன்றி அண்ணே. ஆனால் அந்த 64 லீட்டர் சுத்தமான தண்ணீர் இல்லை. பாலத்துக்கு மேலே கடைக்கான்கள் விழுகின்றனவே. எல்லாக் கானும் நிலையத்துக்குத் திரும்பின பிறகுதான் அந்த 8 மடங்கு கணக்குச் செல்லும். பொஸ்பரசுக்கும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மரக்கறித்தோட்டம்:
19 ஏக்கர் என்றால் பேசலாம். கரட்டுக்கு வேண்டாம், டீச்சர் சொன்னது நியாயம். மாட்டுப்புல்லுக்கு எடுக்கிறோம், எங்கள் பக்கம் பால் மாடு வைத்திருக்கிறவர்கள் பங்குனியில் புல்லுக்கு அலைகிறார்கள்.

மண்மேடு:
புல் என்றால் வேர் பிடிக்கும், எனக்கும் சம்மதம். ஆனால் அந்த 19 ஏக்கரைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு குழாயும் போடக் கூடாது. எந்தத் துண்டுக் காணி என்று எழுதுங்கள் தம்பி.