12-ஆம் வார ரத்தப் பரிசோதனையால் பின்னால் வரும் ரத்தக்கொதிப்பை அறிய முடியுமா?

கேள்வி (தங்கச்சிமடம்):
என் மனைவிக்கு 12 வாரங்கள் முடிந்துள்ளன, இது தலைப்பிரசவம். ராமநாதபுரத்தில் ஸ்கேனுடன் எடுத்த டபுள் மார்க்கர் என்னும் ரத்தப் பரிசோதனையில் டவுன் குறைபாட்டுக்கான வாய்ப்பு குறைவு என்று வந்திருக்கிறது. ஆனால் பாப்-ஏ என்னும் புரதம் 0.36 மோம் (அதே வாரக் கர்ப்பிணிகளின் நடு அளவில் 0.36 மடங்கு) மட்டுமே உள்ளது. என் மாமியாருக்குத் தலைப்பிரசவத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி ஜன்னி (வலிப்பு) கண்டதாம். அந்த நினைவில் அவர் என் மனைவியின் சாப்பாட்டில் இப்போதே கருவாட்டையும் உப்பையும் நிறுத்திவிட்டார். இந்த எண்ணை வைத்து என் மனைவிக்கும் அப்படி வரும் என்று சொல்லிவிட முடியுமா?

பதில் 1 (தேவிபட்டினம்):
தம்பி, என் முதல் கர்ப்பத்தில் எல்லா முடிவுகளும் சரியாக இருந்தும் 35-ஆம் வாரத்தில் ரத்த அழுத்தம் ஏறியது. இரண்டாவது முறை இதே புரதம் குறைவாக இருந்தும் 38-ஆம் வாரத்தில் நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது. மனைவியின் காதில் இந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள்.

பதில் 2 (மகப்பேறு மருத்துவர், ராமநாதபுரம்):
சொல்லிவிட முடியாது. பாப்-ஏ நஞ்சுக்கொடியில் சுரப்பது. அது குறைந்தால், நஞ்சுக்கொடி கருப்பையில் போதிய ஆழத்தில் வேரூன்றவில்லையோ என்று ஐயப்படலாம், அவ்வளவே. தாயின் வயது, எடை, குடும்ப வரலாறு, இரு கைகளிலும் அளந்த ரத்த அழுத்தம், கருப்பை ரத்தக்குழாய்களின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், பி.எல்.ஜி.எஃப் என்ற மற்றொரு புரதம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால்தான் கணிப்புக்கு வலு வரும். அப்படிக் கணித்து அபாயம் மிகுந்தவர்கள் என்று நூற்றில் பத்துப் பேரைப் பிரித்தாலும், 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிய அளவுக்கு இந்தக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோய் (ப்ரீ-எக்லாம்ப்சியா) முற்றுவோரில் ஏறத்தாழ முக்கால் பங்கினரே அதில் அடங்குவர். அந்தப் பத்துப் பேரிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

ஆனாலும் இப்போதே தெரிவதில் பெரிய பயன் உண்டு. 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், அபாயம் மிகுந்த பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36-ஆம் வாரம் வரை இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தபோது, குறைமாதத்தில் முற்றும் இந்நோய் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. 16 வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது என்பதால், இந்த வாரமே முடிவுகளுடன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்பிரினைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பாப்-ஏ குறைந்தால் குழந்தையின் எடையும் குறையக்கூடும் என்பதால், பிந்தைய மாதங்களில் வளர்ச்சி ஸ்கேனும் தேவைப்படும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, டாக்டர். நாளையே செல்கிறோம். மாமியாரிடம் உப்பைப் பற்றி என்ன சொல்வது?

பதில் 2:
உப்பை நிறுத்துவதால் இந்நோயைத் தடுக்க முடியாது. வழக்கமான அளவில் சாப்பிடட்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையைத்தான் தவறவிடக் கூடாது. அதை இரும்புச்சத்து மாத்திரையோடு ஒரே வேளையில் விழுங்க வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.