வெந்நீர்க் குழாய் வலப்பக்கம் வந்துவிட்டது: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் மாற்ற வேண்டுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் நாங்கள் கட்டிவரும் வீட்டின் மாடியில் ஒரே சுவரின் இரு புறமும் இரண்டு குளியலறைகள் அமைந்துள்ளன. மொட்டைமாடி சோலார் ஹீட்டரிலிருந்து வரும் வெந்நீர்தான் இரண்டுக்கும். சுவரில் காடி வெட்டி, வெந்நீரைத் தாங்கும் பிளாஸ்டிக் வகையான சிபிவிசி குழாய்களைப் பதித்துவிட்டார்கள். டைல்ஸ் வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது. நேற்று போய்ப் பார்த்தபோது, எங்கள் குளியலறையில் வெந்நீர் முனை இடப்பக்கமும், என் மாமியார் பயன்படுத்தப்போகும் குளியலறையில் வலப்பக்கமும் இருப்பதைக் கவனித்தேன். பிளம்பரிடம் கேட்டதற்கு, வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் மிக்சரில் உள்ள சிவப்பு, நீல வில்லைகளை இடம் மாற்றிவிட்டால் போதும் என்கிறார். வெந்நீர் இடப்பக்கம்தான் வர வேண்டும் என்று உண்மையிலேயே விதி உண்டா? இதற்காகச் சுவரை மறுபடி வெட்டச் சொல்வது நியாயமா?

மறுமொழி: கட்டடப் பொறியாளர்

விதி உண்டு. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் இன்டர்நேஷனல் பிளம்பிங் கோடின் 607.4ஆம் பிரிவு, வெந்நீர் இடப்பக்கத்துக்கு உரியது என்று நேரடியாகவே சொல்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் மிக்சர்களும், நீரை ஷவருக்கோ கீழ்க்குழாய்க்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர்களும் அந்த முறைப்படிதான் செய்யப்படுகின்றன. வீடுகளுக்குள் முதலில் வந்தது குளிர்ந்த தண்ணீர்க் குழாய் என்பதால் அது வலக்கைப் பக்கம் நின்றது, பிற்பாடு வந்த வெந்நீர் இடப்பக்கம் சேர்ந்தது என்று இதற்குக் காரணம் சொல்வார்கள்.

உங்கள் வீட்டில் நேர்ந்த தவறு அடிக்கடி நேர்வதுதான். சுவருக்குள் இறங்கும் இரண்டு குழாய்களிலிருந்து இரு புறமும் நேராக முனை எடுத்தால், இந்தப் பக்கம் நிற்பவருக்கு இடமாக இருப்பது அந்தப் பக்கம் நிற்பவருக்கு வலமாகிவிடும். ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு குழாய் மற்றொன்றைத் தாண்டிச் சென்றாக வேண்டும். சிபிவிசியில் அதற்கென்றே ஸ்டெப் ஓவர் பெண்ட் கிடைக்கிறது.

வில்லையை மாற்றுவது கண்ணுக்கு மட்டுமே உதவும். முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் தடவும் கைக்கு நிறம் தெரியாது. அதுவும் அதே வீட்டில் ஒரு குளியலறை ஒரு விதமாகவும் மற்றொன்று வேறு விதமாகவும் இருந்தால் பழக்கமே எதிரியாகிவிடும். 60 டிகிரி நீர் ஏறத்தாழ 5 விநாடிகளில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும், சோலார் ஹீட்டரின் நீர் கோடையில் அந்த வெப்பத்தைத் தாண்டுவதும் இயல்பு. முதியவர்களின் தோல் மெல்லியது. சட்டென விலகிக்கொள்ளவும் அவர்களால் இயலாது. தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள்.

மறுமொழி: பிளம்பிங் ஒப்பந்தக்காரர்

தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்போது மாற்றினால் அரை நாள் வேலை. டைல்ஸ் ஒட்டியபின் மாற்றினால் டைல்ஸும் போகும், வாட்டர் புரூஃபிங்கும் போகும். ஒற்றைக் கைப்பிடி மிக்சர்கள் சிலவற்றில் உள்ளே நீரைக் கலக்கும் பாகமான கார்ட்ரிட்ஜை 180 டிகிரி திருப்பி வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் எல்லா வகைகளிலும் அது முடியாது. சுவருக்குள் பதிக்கும் டைவர்ட்டரைத் தலைகீழாக வைத்தால் ஷவருக்குப் போகும் வழியும் கீழ்க்குழாயான ஸ்பவுட்டுக்குப் போகும் வழியும் இடம் மாறிவிடும். வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மிக்சரை என்றாவது வாங்கினீர்களானால், இணைப்பு மாறியிருக்கும் சுவரில் அது சரியாக வேலை செய்யாது.

தண்ணீர் லைன் சாதாரண பிவிசியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தால், மேலே மொட்டைமாடியில் இணைப்பை மட்டும் மாற்றிவிடலாம் என்ற யோசனைக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்; வெந்நீரைத் தாங்கும் குழாய் அது அன்று. முனைகளை மாற்றியபின் இரண்டும் ஒரே மட்டத்தில், மையத்துக்கு மையம் 150 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றனவா என்று அளந்து, ஒட்டுப்பசை நன்றாகக் காய்ந்த பிறகு முனைகளை அடைக்கும் டம்மி போட்டு அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அது முடியும்வரை காடியைப் பூச விடாதீர்கள்.

மறுமொழி: பிரான்சிலிருந்து ஒருவர்

அடையாளக் குறியை நம்பக் கூடாது என்பதற்கு இங்கே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரெஞ்சில் வெந்நீருக்குரிய சொல் 'ஷோ'; அதன் முதல் எழுத்து 'சி'. ஆங்கிலத்தில் குளிர்நீருக்கும் அதே 'சி' தான். இங்கு முதன்முறை வந்த என் தந்தையார், 'சி' என்று பொறித்திருந்த குழாயைத் தண்ணீர் என்று எண்ணித் திறந்து கையைச் சுட்டுக்கொண்டார். எழுத்தைப் பார்க்காமல், ஊரில் பழகியபடி வலப்பக்கக் குழாயைத் திறந்திருந்தால் அவருக்குத் தண்ணீரே வந்திருக்கும்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று காலை தண்ணீர் லைனையும் பார்த்துவிட்டேன், அதுவும் சிபிவிசிதான். பிளம்பர் முதலில் தயங்கினாலும், இரண்டு குளியலறைகளிலும் மாறி மாறி நிற்கவைத்துக் காட்டியபோது ஒப்புக்கொண்டார். நாளை காடியைத் திறக்கிறார்கள். அழுத்தச் சோதனை முடியும்வரை டைல்ஸ் வேலையைத் தள்ளிவைத்திருக்கிறோம்.