லேப்ராஸ்கோபி செய்தால் புற்றுநோய் பரவுமா? பார்த்தவர்கள், பட்டவர்கள் எழுதுங்கள்

மழைத்துளி:
அக்காவுக்கு வெறும் ஃபைப்ராய்டு, கர்ப்பப்பையில் வரும் சாதாரணக் கட்டி என்றுதான் சொன்னார்கள். லேப்ராஸ்கோபியில், அதாவது சின்னத் துளைகள் வழியாக, கர்ப்பப்பையை எடுத்தார்கள், சீக்கிரமே எழுந்து நடமாடினாள். அப்புறம் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. லியோமயோசர்கோமா, கர்ப்பப்பைத் தசையில் வரும் புற்றுநோய். அந்தப் பெயரைவிட அதற்கு மேலே இருந்த வரிதான் இன்னும் என்னை விடவில்லை: திசு பல துண்டுகளாகப் பெறப்பட்டது. டாக்டர் அந்த வரிமேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை. கட்டி பெரிசு, துளை வழியாக வராது என்று வயிற்றுக்குள்ளேயே மார்சலேட்டர் என்ற துண்டாக்கும் கருவியால் வெட்டி எடுத்திருக்கிறார்கள், துணுக்கு சிதறாமல் பிடிக்கும் பை எதுவும் போடாமல். முழுசாக வந்திருந்தால் ஓரம் புற்று இல்லாமல் சுத்தமா என்று பார்த்திருக்கலாம். துண்டுகளில் ஓரம் எது, நடு எது? சிதறிய துணுக்கு எங்கே போய் ஒட்டியதோ. 2014-லேயே அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது: ஃபைப்ராய்டு என்று ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் சுமார் 350 பேருக்கு ஒருவரிடம் சர்கோமா மறைந்திருக்கலாம் என்று. எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

குறிஞ்சி:
படிக்கவே மனசு கனக்கிறது. ஆனால் லேப்ராஸ்கோபி என்றாலே பரவும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி, லேப்ராஸ்கோபியில்தான் எடுத்தார்கள். இன்று நன்றாக இருக்கிறார். 1990-களில் துளை போட்ட தழும்பிலேயே கட்டி முளைத்ததாகச் செய்திகள் வந்து பெரிய பயம் கிளம்பியது உண்மை. அதனால்தான் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 872 பேரை வைத்து ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டார்கள். திறந்து செய்தாலும் லேப்ராஸ்கோபி என்றாலும், வெட்டிய இடத்தில் நோய் திரும்பியது 1 சதவீதத்துக்கும் கீழே. அப்பாவுக்கு வெட்டிய வாயில் பிளாஸ்டிக் உறை மாட்டி, குடல் சதையில் உரசாமல் வெளியே எடுத்ததாக டாக்டர் சைகையில் காட்டினார். கருவி அல்ல, கட்டியைக் கையாளுகிற விதம்தான் முக்கியம்.

வேப்பமரம்:
குறிஞ்சி, குடலுக்கு அது சரி. எல்லாவற்றுக்கும் அதையே சொல்லாதீர்கள். என் மனைவிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். சின்னத் தழும்பு போதும் என்று அவள் கேட்டாள். டாக்டர், "உங்களுக்குத் திறந்துதான் செய்வேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். காரணம் 2018-ல் வந்த ஆய்வு. 631 பெண்கள். நாலரை வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்து செய்ததில் 96.5 சதவீதம், துளை வழியில் 86 சதவீதம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கர்ப்பப்பையை அசைக்க உள்ளே விடும் கருவியா, வயிற்றை உப்ப வைக்கும் வாயுவா என்று இன்னும் விவாதிக்கிறார்கள்.

எல்லோருக்கும் சொல்கிறேன், ஆபரேஷனுக்கு முன்னால் கேளுங்கள். எடுப்பதை எந்த வழியாக வெளியே கொண்டுவருவீர்கள்? முழுசாகவா, துண்டாகவா? துண்டு என்றால் பைக்குள் வைத்தா? நடுவில் சந்தேகம் வந்தால் திறந்து செய்வீர்களா? பதிலை ஒப்புதல் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். புற்றுநோய் சர்ஜன் ஒருவரிடம் இரண்டாவது கருத்து வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மழைத்துளி:
வேப்பமரம் அண்ணா, நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அக்கா புற்றுநோயாளியாக ஆபரேஷனுக்குப் போகவில்லையே. ஸ்கேனும் ஃபைப்ராய்டு என்றுதான் சொன்னது. சாதாரணக் கட்டி என்று நம்பிப் போகிறவள் எதற்குப் புற்றுநோய் சர்ஜனைத் தேடுவாள்? பையைப் பற்றி அவள் கேட்க வேண்டியதில்லை, மார்சலேட்டரைக் கையில் எடுப்பவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.