கல்லூரி விழாவில் கூட்டத்தைச் சமாளித்த அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். எங்கள் கல்லூரி கல்சுரல்ஸுக்கு இந்த வருடம் நான் மாணவர் ஒருங்கிணைப்பாளர். கடைசி நாள் மாலை திறந்தவெளி அரங்கில் இசை நிகழ்ச்சி. வெளிக் கல்லூரி மாணவர்களும் வருவார்கள்.

2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக (குசாட்) வளாகத்தில் நடந்தது மனதை விட்டு அகலவே இல்லை. திடீர் மழையில் வெளியே நின்றவர்கள் ஒரேயடியாக உள்ளே நெருக்க, படிக்கட்டில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். எங்கள் அரங்குக்கும் இறங்கும் படிகள்தான். வாசல் இரண்டு, ஒன்றை விருந்தினர்களுக்கென்று பூட்டி வைப்பது வழக்கம். இந்த முறை இரண்டும் திறந்தே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

காவல் நிலையத்துக்கு முதல்வர் கையெழுத்தோடு கடிதம் தயார். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நின்றுவிடும். அதில் குழப்பமில்லை.

மழை வந்தால் கூட்டத்தை எங்கே ஒதுங்கச் சொன்னீர்கள்? அரங்கு நிரம்பிய பிறகு வாசலில் நிற்பவர்களிடம் யார் பேசினால் கேட்கிறார்கள்? தன்னார்வலர்களில் பாதிப் பேர் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். அவர்களைத் தனியாக வாசலில் நிறுத்த எனக்கு மனமில்லை. ஆம்புலன்ஸை எந்தப் பக்கம் நிறுத்துவது நல்லது?

விழா நடத்திய அண்ணன்கள், அக்காக்கள், பேராசிரியர்கள் தயவுசெய்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் திட்டத்தை முதல்வரிடம் கொடுக்க வேண்டும்.