ஒழுங்கற்ற வினையா, திரிவினையா? கபைல் மொழிக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

பாரிசிலிருந்து:

மடற்குழு அன்பர்களே, வணக்கம். நான் வேலை செய்யும் உணவகச் சமையற்கூடத்தில் பாதிப் பேர் ஈழத்தமிழர். மீதிப் பேர் அல்ஜீரியாவின் திசி உசு, பெஜாயா பக்கத்துக் கபைல் மக்கள். அவர்களுள் ஒரு நண்பரிடம் ஓராண்டாகக் கபைல் கற்று வருகிறேன். கற்றதைத் தொகுத்துத் தமிழர்க்கென ஒரு சிறு கையேடு எழுதியிருக்கிறேன். மெய்ப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். நான்காம் இயலின் தலைப்பு மட்டும் இடறுகிறது.

அவ்வியலுக்கு ‘ஒழுங்கற்ற வினைகள்’ என்று பெயரிட்டிருந்தேன். பொருள் கேட்ட நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. ‘நாங்கள் குழந்தையிலிருந்து பிழையின்றிப் பேசும் சொற்களுக்கு ஒழுங்கு இல்லையா?’ என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ‘அரு’ என்றால் எழுது. எழுதினான் ‘யுரா’, எழுதவில்லை ‘உர் யுரி அரா’, எழுதுகிறான் ‘யெத்தாரு’. கண்டுபிடி என்னும் ‘அஃப்’ இறந்தகாலத்தில் ‘யுஃபா’ ஆகும். வா என்னும் ‘அஸ்’ ‘யுஸா’ ஆகும். மூன்றிலும் முதல் அகரம் உகரமாகிறது. இதை ஒழுங்கற்றது என்று எப்படிச் சொல்வது? வேறு சொல் தாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து:

நண்பருக்கு. தேடி அலைய வேண்டியதே இல்லை. நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரத்தை மூன்றாக வகுத்து வைத்திருக்கிறது. வா என்பது ‘வந்தான்’ எனக் குறுகுகிறது, காண் ‘கண்டான்’ ஆகிறது, சா ‘செத்தான்’ ஆகிறது. இவற்றை நாம் ஒழுங்கற்றவை என்று ஒருநாளும் சொன்னதில்லை, பகுதி விகாரப்பட்டது என்றே பகுபத உறுப்பிலக்கணத்தில் எழுதினோம். ஆகவே ‘திரிவினை’ என்பதே என் முன்மொழிவு.

கபைல் அகராதியில் வினைகளை எந்த வடிவில் வரிசைப்படுத்துகிறார்கள் என்று பார்த்தீர்களா? ஒருமை ஏவலில். ‘நட வா மடி சீ’ என்று தொடங்கி ஏவலையே வினைப் பகாப்பதமாகக் காட்டிய பவணந்தியார் அந்த அகராதியைக் கண்டால் மகிழ்ந்திருப்பார். இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னான் என்பதற்குக் கபைலில் ‘யென்னா’ என்கிறார்களாமே! நம் ‘என்’ என்னும் சொல்லல் வினையும் ‘என்னா’ என்னும் வினையெச்சமும் அங்கே எப்படிப் போயின?

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, உங்களிடம் மாறுபட நேர்வதற்குப் பொறுத்தருள வேண்டும். ‘யென்னா’வில் உள்ள யகரம் படர்க்கை ஆண்பாலைக் காட்டும் முன்னொட்டு. எகரமோ மெய்கள் நெருங்கும்போது நாவுக்கு இடம் கொடுக்க நுழையும் ஒரு குற்றொலி மட்டுமே. நான் சொன்னேன் என்பதற்கு அவர்கள் ‘ன்னிக்’ என்பார்கள். ஈற்றுக் ககரம் தன்மை ஒருமை விகுதி. ஆக எஞ்சுவது இரட்டித்த னகரம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு உறவு கொண்டாட முடியாது.

‘திரிவினை’யிலும் எனக்கு ஒரு தடை உண்டு. வினைத்திரிசொல் என ஒரு வகை நம் இலக்கணத்தில் முன்பே இருக்கிறது. அது கற்றோர்க்கே பொருள் விளங்கும் சொல்லைக் குறிப்பது. மாணவர் இரண்டையும் குழப்புவார்கள். பொதுவிதியில் அடங்காதவற்றைத் தழுவிக்கொள்ளப் ‘புறனடை’ என்ற நல்ல சொல் நம்மிடம் உள்ளது. ‘புறனடை வினை’ என்று வைக்கலாம்.

கோவையிலிருந்து:

புறனடை என்றால் என்னவென்று தமிழ் முதுகலை படித்தவரிடம்கூட விளக்க வேண்டியிருக்கும். கையேட்டைப் படிக்கப் போவது இரவுப்பணி முடிந்து தொடர்வண்டியில் வரும் இளைஞர். பள்ளியில் ஆங்கில இலக்கணத்தோடு ‘ஒழுங்கற்ற வினை’ என்று கேட்டிருப்பார். அதைப் பார்த்ததும் ‘இது மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதி’ என்று புரிந்துகொள்வார். தலைப்பின் வேலை அவ்வளவுதான். தூய்மைக்காகப் புரிதலைப் பலி கொடுக்க வேண்டாம்.

சொல்லைவிட எனக்கு இயலின் உள்ளடக்கமே கவலை தருகிறது. படி என்னும் ‘கெர்’ தொடர்நிகழ்வில், அதாவது ‘படிக்கிறான்’ போன்ற வடிவில், ‘க்கார்’ ஆவதை அதில் சேர்த்திருக்கிறீர்கள். இதில் முறைகேடு எதுவும் இல்லை. கெர் என்பதன் முதலெழுத்து தொண்டையில் உரசி எழும் ககரம். அது இரட்டிக்கும்போது உள்நாக்கருகே அடைத்து வெடிக்கும் ககரமாகிறது. ‘பகல்’ என்று சொல்லிவிட்டுப் ‘பக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். நம் வாயிலும் ஒற்றைக் ககரம் உரசுகிறது, இரட்டை அடைக்கிறது. தமிழருக்கு இதைவிட எளிதாக ஒரு விதியைக் கற்பிக்க முடியாது. அதைக் கொண்டுபோய்த் திரிவிலும் புறனடையிலும் பூட்டுவானேன்?

பாரிசிலிருந்து:

கோவை நண்பர் சொன்னது சரி. ‘கெர்’ அடுத்த பதிப்பு வரை காத்திருக்காது, இன்றே வெளியேற்றிவிட்டேன். ஆனால் அது போன இடத்தில் வேறொரு சிக்கல் எழுந்தது. சொல் என்பதற்கு ஏவல் ‘இனி’, இறந்தகாலம் ‘யென்னா’. சொல்கிறான் என்பதற்கு மட்டும் ‘யெக்கார்’. படிக்கிறான் என்பதற்கும் அதே ‘யெக்கார்’தான். அதாவது சொல்லல் வினை தன் தொடர்நிகழ்வு வடிவத்தைப் படித்தல் வினையிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறது. இது என்ன வகைத் திரிபு?

இப்படி ஒரு மடற்குழு நடக்கிறது என்று நண்பரிடம் சொன்னேன். சிரித்தார். கபைல் எழுத்தாளர் மூலூத் மம்மேரி 1976இல் தம் மொழியிலேயே இலக்கணம் எழுதியபோது கலைச்சொற்களுக்காக இதே பாடு பட்டாராம். இறந்தகாலத்துக்கு ‘இஸ்ரி’ என்பது போன்ற புதுச்சொற்களைப் பாட்டிமார் கேட்டால் எந்த ஊர் மொழி என்று வினவுவார்களாம்; பள்ளியில் படித்த பேரப்பிள்ளைகளோ அவற்றை இயல்பாகச் சொல்கிறார்களாம். இலக்கணத்துக்கு அவர்கள் வழங்கும் சொல் ‘தஜெர்ரும்த்’.

திருநெல்வேலியிலிருந்து:

தஜெர்ரும்த்! இதன் வேரை விடக்கூடாது. 1323இல் மறைந்த ஃபெஸ் நகரத்து அரபு இலக்கண ஆசிரியர் இப்னு ஆஜுர்ரூம் பெயரிலிருந்து வந்தது அது. அவருடைய சிறுநூலே பல நூற்றாண்டுகள் மாணவரின் அரபு இலக்கண அரிச்சுவடியாக இருந்தது. அவர் கபைல் மக்களும் அடங்கிய பெர்பெர் இனத்தவர். ஆஜுர்ரூம் என்பதும் துறவியைக் குறித்த பெர்பெர்ச் சொல்லே என்பர். தங்கள் இனத்தார் ஒருவர் அரபுக்கு இலக்கணம் செய்ய, அவர் பெயரின் முன்னும் பின்னும் தகரம் சேர்த்துப் பெண்பாலாக்கித் தங்கள் இலக்கணத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். தூய்மை வேண்டாம் என்போரும் வேண்டும் என்போரும் இதைத் தத்தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டலாம்.

மட்டுறுத்துநர்:

பெரியோர்களே, வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாளே உள்ளது. தலைப்புக்குத் திரும்புவோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

‘இனி’யும் ‘யெக்கா’ரும் ஒரே பகுதியின் திரிபல்ல; வேறோர் அடி வந்து ஓரிடத்தை நிரப்புகிறது. இதற்கு ‘வேற்றடி வினை’ என்று தனிப்பெயர் கொடுங்கள். உண் என்னும் ‘எச்ச்’ தொடர்நிகழ்வில் ‘தெத்த்’ ஆவதையும் கற்பவருக்காக அங்கேயே வைக்கலாம். ஒலிவரலாற்று அறிஞர் முறையிட்டால் அப்போது பார்ப்போம்.

இன்னொரு பிரிவையும் இந்த இயலிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘மெக்கெர்’ என்றால் பெரியவன், ‘மெக்ரெத்’ என்றால் பெரியவள். அதில் யகர முன்னொட்டே இல்லை. பண்பை அடியாகக் கொண்டு பின்னே விகுதி பெறுகிறது. நாம் ‘பெரியன், கரியள்’ என்பதைக் குறிப்பு வினைமுற்று என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

கோவையிலிருந்து:

ஏறக்குறைய என்று சொன்னதால் தப்பித்தீர்கள், அம்மா. குறிப்பு வினை காலத்தை வெளிப்படக் காட்டாது. கபைலிலோ ‘அத் யிம்கூர்’ என்றால் அவன் பெரியவனாவான் என்று எதிர்காலம் பிறக்கிறது, முன்னொட்டும் திரும்பி வந்துவிடுகிறது. ஓர் அடிக்குறிப்புடன் குறிப்பு வினை என்று போடுங்கள். ‘வேற்றடி வினை’ நன்று. சொல்லே பொருளைச் சொல்கிறது. முதன்மைத் தலைப்பில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

பாரிசிலிருந்து:

ஐந்து பேர் திரிவினைக்கும் மூவர் ஒழுங்கற்ற வினைக்கும் இருவர் புறனடை வினைக்கும் எழுதியிருக்கிறீர்கள். ஐவருள் இருவர் ‘எதையாவது வைத்து முடியுங்கள்’ என்றே குறித்திருந்தார்கள். வினைத்திரிசொல்லோடு மயங்காமலிருக்கத் தலைப்பைத் ‘திரிபுடைய வினைகள்’ என்று சற்று நீட்டி, முதற்பத்தியில் ‘பள்ளி வழக்கில் ஒழுங்கற்ற வினைகள்’ என்று ஒரு தொடரும் சேர்த்துக் கோப்பை அனுப்பிவிட்டேன். நண்பரிடம் பொருள் சொன்னேன். ‘திரிபு’ என்றால் கெட்டுப்போனதா என்று கேட்டார். மோரைப் பற்றியும் பாலைப் பற்றியும் நான் பேச்செடுக்கவில்லை.

கோவையிலிருந்து:

பாருங்கள், படிப்பவர் கண் அந்தப் ‘பள்ளி வழக்கில்’ என்ற இடத்தில்தான் நிற்கும்.

திருநெல்வேலியிலிருந்து:

முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். ‘ன்னிக்’ என்பதில் எகரம் இல்லை என்ற யாழ்ப்பாணத்து அம்மையாரின் வாதம் பற்றி மட்டும் ஒரு சொல். ‘வரேன்னு சொன்னான்’ என்னும்போது ‘என்று’வின் எகரத்தை நாமும் விழுங்கத்தானே செய்கிறோம்? இதைப் பற்றித் தனி இழையில் விரிவாக எழுதுவேன்.